ஏழெட்டு வருடப் பிட்காயின் வாலெட் அனுபவம்: எந்த வாலெட் எதோடு ஒத்துப்போகும்?

கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரக் கூடாது என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டபோது, என் பிட்காயின் எல்லாம் அதை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சில்தான் கிடந்தது. அந்தச் சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது, ஆனால் அதுவரை என்னால் காத்திருக்க முடியவில்லை. அவசரமாக ஒரு மொபைல் வாலெட்டை, அதாவது காயினின் சாவியை நம்மிடமே வைத்துக்கொள்ளும் செயலியை, இறக்கி, போன் போனாலும் காயினை மீட்க உதவும் என்று அது காட்டிய 12 சொற்களை ஜெல் பேனாவால் தாளில் எழுதி பீரோவில் வைத்துவிட்டு, காயினை மாற்றிக்கொண்டேன். அந்த வாலெட் பிட்காயினை ஏற்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். அதே 12 சொற்களை வேறு வாலெட்டில் போட்டால் திறக்குமா என்ற கேள்வியே அப்போது எனக்குத் தோன்றவில்லை.

2021இல் அந்த போன் செத்துப்போனது. சரி, சொற்கள்தான் இருக்கின்றனவே என்று தாளை எடுத்தால், மழைக்காலத்து ஈரத்தில் மை பரவி மூன்று சொற்களின் வால் அழிந்திருந்தது. நல்லவேளையாக முதல் நான்கு எழுத்துகள் தெரிந்தன. பல வாலெட்டுகளுக்குப் பொதுவான பிப் 39 (BIP 39) என்ற தரத்தின் ஆங்கிலச் சொற்பட்டியலில் 2048 சொற்கள் உண்டு. எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக வராது. பட்டியலைப் பார்த்து மூன்றையும் கண்டுபிடித்துவிட்டேன்.

சொற்களைப் புதிய வாலெட்டில் போட்டேன். பிழை எதுவும் காட்டவில்லை, அழகாகத் திறந்தது. இருப்பு: பூஜ்யம்.

அன்று இரவு தூக்கம் இல்லை. விஷயம் இதுதான்: 12 சொற்கள் ஒரே விதை. அதிலிருந்து முகவரிகளை எந்த வழியில் உருவாக்குவது என்பதை அந்தந்த வாலெட்டே முடிவு செய்கிறது. அந்த வழிக்கு டெரிவேஷன் பாத் என்று பெயர். என் பழைய வாலெட் 44 என்ற வழியில் போய் 1 என்று தொடங்கும் முகவரிகளைத் தந்திருந்தது. புதியது 84 வழியில், பிசி1 (bc1) என்று தொடங்கும் முகவரிகளில் மட்டும் தேடியது. அங்கே எதுவும் இல்லை, அதனால் பூஜ்யம். எலக்ட்ரம் வாலெட்டில் பிப் 39 சொற்களைப் போட்டால், ஏற்கனவே பயன்படுத்திய கணக்குகளைக் கண்டறியும் ஒரு பொத்தான் வருகிறது. அதை அழுத்தினேன், என் பணம் திரையில் வந்து நின்றது.

அதே எலக்ட்ரமில் புதிதாக வாலெட் உருவாக்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அது தரும் 12 சொற்கள் அதன் சொந்த வடிவம், பிப் 39 கிடையாது. ப்ளூவாலெட் போன்ற சில அதை ஏற்கும். சாவியைத் தனிக் கருவியில் வைக்கும் ட்ரெசார், லெட்ஜர் போன்ற ஹார்டுவேர் வாலெட்டுகள் ஏற்காது. எலக்ட்ரம் நல்ல மென்பொருள்தான், நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் நீண்ட நாள் சேமிப்புக்கு நான் பிப் 39 பக்கம்தான் நிற்பேன்.

அப்புறம் வாங்கியது ட்ரெசார் ஒன். இரண்டே பொத்தான், சின்னத் திரை, 24 சொற்கள். கணினியில் ஸ்பாரோ என்ற வாலெட் மென்பொருளோடு இணைத்துப் பயன்படுத்துகிறேன். இத்தனை வருடத்தில் எனக்கு அதில் மிகவும் பிடித்தது, பணம் வாங்கும் முகவரியைக் கருவியின் திரையிலேயே ஒப்பிட்டுப் பார்க்க முடிவது. திரை சிறியது என்பதால் நீளமான முகவரியைப் படிக்கக் கண் வலிக்கிறது, அதுதான் குறை. பழைய 1 முகவரிகளில் இருந்ததை எல்லாம் பிசி1க்கு மாற்றிவிட்டேன். காயினை அனுப்பும் கட்டணம் அது பிடிக்கும் இடத்தைப் பொறுத்தது. பழைய வகையில் ஒவ்வொரு உள்ளீடும், அதாவது செலவழிக்கும் ஒவ்வொரு முந்தைய வரவும், ஏறக்குறைய 148 பைட் இடம் பிடிக்கும், 84 வழி தரும் பிசி1கியூ (bc1q) வகையில் கட்டணக் கணக்குக்கு 68தான் வரும். நெரிசல் நாட்களில் இந்த வித்தியாசம் காசாகவே தெரியும்.

எக்ஸ்சேஞ்சும் ஒத்துப்போக வேண்டும். நான் பயன்படுத்திய ஒன்று, டேப்ரூட் என்ற புதிய வகையான பிசி1பி (bc1p) முகவரியைக் கொடுத்தபோது செல்லாத முகவரி என்று மறுத்தது. பிசி1கியூ கொடுத்ததும் போய்ச் சேர்ந்தது. சில எக்ஸ்சேஞ்சுகள் காயினை வெளியே எடுக்கவே விடுவதில்லை, வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். முதலில் சிறு தொகை அனுப்பி, கருவியை முழுதாக அழித்து, சொற்களை வைத்து மீட்டு, அந்தத் தொகை திரும்பத் தெரிந்த பிறகுதான் நான் மிச்சத்தை அனுப்பினேன்.

சொற்கள் இப்போது எஃகுத் தகட்டில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் முதல் நான்கு எழுத்துகள் மட்டும். பின்பக்கத்தில் "பிப் 39, வழி 84, கூடுதல் கடவுச்சொல் இல்லை" என்று பொறித்திருக்கிறேன். போன மாதம் தகட்டை மனைவி கையில் கொடுத்து, நான் இல்லாதபோது செய்வதுபோலச் செய்து பார் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம் ஆனது. ஒரு இடத்தில் மட்டும் கூப்பிட்டாள்: 84 என்பதை எங்கே தேர்ந்தெடுப்பது என்று. அதையும் இப்போது ஒரு தாளில் எழுதி, தகட்டோடு வைத்திருக்கிறோம். இந்த முறை பால்பாயின்ட் பேனாவில், பிளாஸ்டிக் உறைக்குள்.