மரபணுவைப் பார்ப்பதா, புரதத்தைப் பார்ப்பதா?

யாழ்ப்பாணத்து முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் ஒரு காயும் ஒரு பழமும் பிடுங்குங்கள். டிஎன்ஏ இரண்டிலும் ஒன்றேதான். டிஎன்ஏ முழுவதையும் படிக்கும் ஜீனோமிக்ஸுக்கு வித்தியாசமே தெரியாது. புரதங்களை மொத்தமாகப் படிக்கும் புரோட்டியோமிக்ஸுக்குத் தெரியும்: பழத்தில் மாப்பொருளைச் சீனியாக்கும், சதையை இளக்கும் நொதியங்கள் கூடியிருக்கும். பழம் ஏன் இனிக்கிறது என்று கேட்டால் நான் புரதத்தின் பக்கம்.

சரி, வேலை எது சுகம்? டிஎன்ஏதான். துளி கிடைத்தாலும் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கலாம். புரதத்துக்கு அந்த வசதி இல்லை. ட்ரிப்சின் என்ற நொதியத்தால் துண்டாக்கி, துண்டுகளின் திணிவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்து, தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் பிடிப்பார்கள் (முள்ளைப் பார்த்து மீனைச் சொல்கிற மாதிரி). அந்தத் தரவுத்தளமோ பெரும்பாலும் மரபணு வரிசையிலிருந்து வந்தது. மனிதரில் புரதத்துக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவற்றிலிருந்து வரும் புரத வடிவங்களோ அதைவிடப் பல மடங்கு.