குப்புறப் படுக்கும் நோயாளிக்கான ஃபோம் தலையணை: வாங்கலாமா?

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வைரஸ் நிமோனியா முற்றி வென்டிலேட்டரில் இருப்பவர்களைக் குப்புறப் போடும்போது முகத்துக்கு வைக்கிற ஃபோம் தலையணையைப் பற்றி எழுதுகிறேன்.

மல்லாந்தே கிடந்தால் இதயத்தின் கனமெல்லாம் இறங்கி நுரையீரலின் முதுகுப்பக்கம் அமுங்கிவிடும். குப்புறப் போட்டால் அந்தப் பக்கம் விரிந்து ஆக்சிஜன் ஏறும். நுரையீரல் கடுமையாகப் பாதித்து வென்டிலேட்டரில் இருந்தவர்களை வைத்து நடத்தி, 2013இல் வெளியான ப்ரோசேவா ஆய்வில், 28 நாளுக்குள் இறந்தவர்கள் மல்லாந்திருந்தவர்களில் 32.8 சதவீதம், குப்புறப் போட்டவர்களில் 16 சதவீதம். ஆனால் ஒவ்வொரு முறையும் 16 மணி நேரமாவது அப்படியே வைக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்குக் கன்னம் வலித்தாலும் சொல்லத் தெரியாது. அதனால்தான் தலையணை விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

முன்பெல்லாம் துண்டைச் சுருட்டி வைப்போம். அது நழுவும், வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் போகிற வென்டிலேட்டர் ட்யூப் மடங்கினாலும் தெரியாது. இந்த ஃபோம் தலையணையில் கண், மூக்கு, வாய் இருக்கும் இடம் திறந்திருக்கிறது. பக்கவாட்டுப் பள்ளம் வழியாக ட்யூப் மடங்காமல் வெளியே வருகிறது. குனிந்து பார்த்தால் ட்யூப் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று காட்டும், உதட்டருகே உள்ள சென்டிமீட்டர் குறி வரைக்கும் தெரியும். அந்த இடைவெளியிலேயே விரலை விட்டு, ட்யூப்பைக் கட்டிய நாடா கன்னத்தில் பதிகிறதா என்று பார்க்கலாம், எச்சிலை சக்‌ஷன் பண்ணலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

குறையும் உண்டு. உயரம் போதாது. கடலூர் முதுநகரிலிருந்து வந்த ஒரு அண்ணன் நல்ல ஆகிருதி. தாடை மெத்தையில் இடித்தது, அடியில் போர்வையை மடித்து வைத்தோம். ஃபோம் எச்சிலை உறிஞ்சிக்கொள்வது அதைவிட மோசம். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் புண்ணாகும். உறிஞ்சும் பேடு ஒன்றை வாய்க்குக் கீழே வைத்து, நனைந்ததும் மாற்றுகிறோம்.

முகவீக்கத்துக்குத் தலையணையைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அண்ணனின் மனைவி, "என்ன சிஸ்டர், மூஞ்சி இப்படி வீங்கிப்போச்சு?" என்று அழுதார். "குப்புறப் படுத்தா நீர் இறங்கும்க்கா, மல்லாத்தினதும் மெல்ல வடிஞ்சிடும்" என்றேன். கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் வீக்கம் குறையும்.

வாங்கலாம். உயரம் அதிகமுள்ளதாகப் பாருங்கள், ஒருவருக்கு வைத்ததை இன்னொருவருக்கு வைக்காதீர்கள். அப்புறம், எந்தத் தலையணை வாங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒருவர் ட்யூப்பைப் பிடித்துக்கொள்ள, தலையைத் தூக்கிக் கண்ணையும் கன்னத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.