தாத்தா பெயரை முழுசாக வைப்பதா, சுருக்கி வைப்பதா?

தாத்தா சுப்பிரமணியம் என்றால் பேரனுக்கும் அதையே வைப்பதா, சுபன் என்று சுருக்குவதா? முழுப் பெயர் வைத்தால் மரியாதை நேராகப் போய்ச் சேரும், ஆனால் மாமனார் பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் திட்ட முடியாது என்று மருமகள் ஒரு செல்லப்பெயர் வைத்துவிடுவார், அப்புறம் நீளப் பெயர் சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடத்தோடு சரி, அங்கேயும் சீன, மலாய் நண்பர்கள் அதைச் 'சுப்ரா' ஆக்கிவிடுவார்கள்.

சுபன் எல்லார் வாயிலும் நுழையும். தாத்தாதான் "இதில் நான் எங்கேடா இருக்கிறேன்?" என்பார்.

சிங்கப்பூரில் நம்மவர் பெயருக்குப் பின்னால் எஸ்/ஓ (இன்னார் மகன்), டி/ஓ (இன்னார் மகள்) போட்டு வருவது அப்பா பெயர்தான், தாத்தா பெயர் அந்தத் தலைமுறையோடு நின்றுவிடும். அதனால் என் ஓட்டு முழுப் பெயருக்கே. ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தாத்தாவின் அடையாள அட்டையில் உள்ளபடியே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த 42 நாளுக்குள் பதியவேண்டும், குடும்பப் பஞ்சாயத்தை அதற்குள் முடித்துவிடுங்கள்.