குட்டி கிட்டார் ஆம்பை எந்தப் பெட்டியில் மாட்டுவது? ப்ளூடூத், ஆக்ஸ், டிராலி, மிக்ஸர்: ஓர் அலசல்

களியக்காவிளை பக்கம் டிசம்பர் பிறந்துவிட்டால் கேரல் ரவுண்ட்ஸ்தான். வீடு வீடாகப் பாடிக்கொண்டே நடக்கும்போது கிட்டார் வாசிப்பவன் ஆம்பையும் சேர்த்துத் தூக்க முடியாது. அதனால் எங்கள் பாடற்குழுப் பையன்கள் பலரிடம் இப்போது கிட்டாரிலேயே செருகுகிற ஹெட்ஃபோன் ஆம்ப் வந்துவிட்டது, வாக்ஸ் ஆம்ப்ளக் மாதிரி இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடுவது, இல்லையென்றால் சார்ஜ் ஏற்றுகிற வகை. எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, இதை ஸ்பீக்கர்ல குடுக்கலாமா?"

கொடுக்கலாம். ஆனால் ஹெட்ஃபோன் துளையில் வருவது கிட்டாரின் பச்சை ஒலி இல்லை. டோன், டிஸ்டார்ஷன், ரிவர்ப் (எதிரொலி), பல மாடல்களில் ஸ்பீக்கர் பெட்டியின் குணம்கூட அதற்குள்ளேயே சேர்ந்துதான் வருகிறது. இனி அதில் எதையும் கூட்டாமல் சத்தத்தை மட்டும் பெருக்குகிற பெட்டிதான் வேண்டும். அந்தப் பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபையரும் இருக்க வேண்டும். ஹெட்ஃபோன் துளை தருவது சில மில்லிவாட்தான், வெறும் ஸ்பீக்கரை அதில் நேராக மாட்டினால் முனகல்தான் கேட்கும்.

முதலில் ப்ளூடூத். இதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். 2021-இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோவில் ப்ளூடூத் இருக்கிறதே என்பார்கள். அது போனிலிருந்து பாட்டை உள்ளே வாங்கத்தான், கிட்டார் ஒலி வயர் வழியாகத்தான் வெளியே போகும். தனியாக டிரான்ஸ்மிட்டர் வாங்கி மாட்டினாலும், சாதாரண ப்ளூடூத்தில் 0.2 விநாடி வரை தாமதம் ஆகும். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது என்றால், உங்கள் ஸ்பீக்கர் கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். அதைக் கேட்டுக்கொண்டு தாளத்தில் நிற்க முடியாது.

வீட்டில் பழக ஆக்ஸ்தான், அதாவது ஸ்பீக்கரில் வயர் வழியாகப் பாட்டு கொடுக்கும் துளை. இரு முனையிலும் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின் (சாதாரண ஹெட்ஃபோன் பின்) உள்ள வயர், வேறு எதுவும் தேவையில்லை. புதிய ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் பலவற்றில் ஆக்ஸ் துளையே கிடையாது, வாங்கும் முன் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் ஆக்ஸில் கொடுத்தாலும் லேசான தாமதம் உண்டு. கம்பியை ஒரு தட்டு தட்டினால், கம்பியின் சொந்தச் சத்தமும் ஸ்பீக்கர் சத்தமும் பிரிந்து கேட்கிறதா என்று காதே சொல்லிவிடும். கிட்டாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ், உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் அது மெலிந்துபோகும். கம்ப்யூட்டருக்கு வாங்கும் 2.1 செட் (இரண்டு சின்ன ஸ்பீக்கர், ஒரு ஊஃபர்) அதைவிட நல்லது, ஊஃபர் திருகை மட்டும் பாதிக்குக் கீழே வையுங்கள்.

தெருவுக்கு டிராலி ஸ்பீக்கர். சக்கரம், பேட்டரி, மைக் எல்லாம் அதிலேயே. அதில் ஆக்ஸ் இருந்தால் சரி, பிரச்சினை தீர்ந்தது. பி-38 துளை (கிட்டார் வயரின் கால் அங்குலப் பெரிய பின் செருகுவது) மட்டும் இருந்தால்தான் சிக்கல். ஸ்டீரியோ பின்னை அப்படியே ஒரு கன்வெர்ட்டர் போட்டு மோனோ துளையில் திணித்தால் வலது பக்க ஒலி எர்த்தோடு ஷார்ட் ஆகும். கரகரப்பு வரும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், உள்ளே இருக்கும் சிப்புக்கும் நல்லதில்லை.

நான் இதற்கு ஒரு வயர் செய்து வைத்திருக்கிறேன். 3.5 பின்னின் மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே மூன்று கால்கள் தெரியும். நுனிக்குப் போகும் காலில் ஒரு வயர், எர்த் காலில் வலைக்கம்பி, நடு வளையத்துக்கான காலை வெறுமனே விட்டுவிட்டேன். மறுமுனையில் பி-38. இடது பக்கம் மட்டும்தான் போகிறது, ஆனால் கிட்டார் ஒலி இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால் இழப்பு தெரியாது. மைக் துளையில் கொடுக்கும்போது ஆம்பின் வால்யூமைக் குறைத்துத் தொடங்குங்கள், மைக் இன்புட்டுக்கு இந்த ஒலி அதிகம்.

ஆலயத்து மிக்ஸரில்தான் நான் பட்டேன். ஸ்டீரியோ பின்னிலிருந்து கேனன் பின்னுக்கு (மைக் வயரில் வரும் மூன்று கால் எக்ஸ்எல்ஆர் பின்) போகும் ரெடிமேட் வயர் ஒன்றை மாட்டி வாசித்தேன். மைக் செட் பார்க்கும் தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: "அண்ணே, எதிரொலி வருது, கிட்டாரைக் காணோம்." உண்மைதான். கேனன் இன்புட் இரண்டு வயரில் வருவதன் வித்தியாசத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். இடமும் வலமும் ஒரே ஒலியாக இருந்தால் ஒன்றையொன்று கழித்துவிடும், இரு பக்கமும் வேறுபடுகிற ரிவர்ப் மட்டும் மிஞ்சும். நானோ வால்யூமை ஏற்றிக்கொண்டே இருந்தேன், முதல் பாட்டு முழுவதும் அப்படியே போய்விட்டது.

சரியான வழிகள் இரண்டு. ஒன்று, 3.5 ஸ்டீரியோவிலிருந்து இரண்டு மோனோ பி-38 ஆகப் பிரியும் வயர், மிக்ஸரில் இரண்டு லைன் சேனல். இன்னொன்று, மேலே சொன்ன ஒற்றை வயரை டிஐ பாக்ஸில் (ஒலியை மிக்ஸரின் மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) கொடுத்து, அங்கிருந்து கேனன். மிக்ஸர் தூரத்தில் இருந்தால் டிஐதான், நீள வயரில் இரைச்சல் ஏறாது, யாராவது மறந்து 48 வோல்ட் ஃபேண்டம் பவரை (மிக்ஸர் மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) போட்டுவிட்டாலும் அது உங்கள் ஆம்புக்குள் போகாது.

கிட்டார் ஆம்ப் இருக்கிறவர்கள் அதன் முன் இன்புட்டில் இதைக் கொடுக்க வேண்டாம். டோன் மேல் டோன் ஏறி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கும். ஆக்ஸ் துளை இருந்தால் அதில் கொடுங்கள்.

எதில் மாட்டினாலும் முதலில் ஸ்பீக்கர் வால்யூம் பூஜ்ஜியம், பிறகு பின், அப்புறம் குட்டி ஆம்பைப் பாதிக்கு மேல் (மைக் துளையில் மட்டும் குறைவாக) வைத்து ஸ்பீக்கரை மெதுவாக ஏற்றுங்கள். "ம்ம்ம்" என்று இரைந்தால் சார்ஜர் வயரை உருவிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.