விக்கிக்குக் காவல்: வெளியிட்டபின் பார்ப்பதா, பார்த்தபின் வெளியிடுவதா?

திறந்த மூல மென்பொருள் ஒன்றுக்கு விக்கி, அதாவது வாசகர்களே திருத்தக்கூடிய ஆவணத் தளம், தொடங்குவது ஒரு நாள் வேலை. அதில் யார் எதை மாற்றுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் தீராத வேலை.

பழைய வழி, தொகுத்ததும் வெளியாகிவிடும், பார்ப்பது அப்புறம். விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியில் அண்மைய மாற்றங்கள், கவனிப்புப் பட்டியல் இரண்டும் இதற்குத்தான். விளம்பரக் குப்பையைக் கொட்டினால் ஒரே சொடுக்கில் முந்தைய நிலைக்குத் திருப்பிவிடலாம். ஆர்ச் லினக்ஸின் விக்கியான ஆர்ச்விக்கியில் கணக்குத் தொடங்க, ஒரு கட்டளையை ஓட்டி வரும் விடையை எழுதச் சொல்வார்கள். குப்பை கொட்டும் தானியங்கி நிரல்கள் வாசலிலேயே நின்றுவிடும்.

குப்பை கண்ணில் படும். படாதது இது: நிறுவல் பக்கத்தில் 755 (உரிமையாளர் மட்டும் எழுதலாம்) என்றிருந்த கோப்பு அனுமதியை ஒருவர் 777 ஆக்குகிறார். அண்மைய மாற்றங்களில் பைட் வேறுபாடு, அதாவது பக்கத்தின் அளவு எவ்வளவு மாறியது என்பது, 0 என்று சாம்பல் நிறத்தில் கிடக்கும். எழுத்துப்பிழை திருத்தம் போலிருக்கிறது என்று தாண்டிப் போய்விடுவோம். அந்த வரியை நகலெடுத்து ஓட்டுபவரின் கணினியில், அந்தக் கோப்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

அப்படியானால் ஒப்புதல் தந்தபின்தான் வெளியாக வேண்டுமா? ஜெர்மன் விக்கிப்பீடியா 2008 மே மாதம் முதல் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது; புகுபதியாத வாசகர் பார்ப்பது சரிபார்த்த பதிப்பை. அங்கே பார்க்க ஆள் உண்டு. இரண்டே பேர் கவனிக்கும் திட்டத்தில் வரிசை நீளும். முதல்முறை திருத்த வந்தவர், தன் திருத்தம் பக்கத்தில் வராததைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். திரும்பி வருவது அபூர்வம்.

மூன்றாவது, ஆவணத்தை நிரலோடு கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) களஞ்சியத்திலேயே வைத்து, திருத்தங்களைப் புல் ரிக்வெஸ்டாக, அதாவது பார்த்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் வேண்டுகோளாக, வாங்குவது. ஒரு கட்டளையின் பெயர் மாறினால் அதே ரிக்வெஸ்டில் ஆவணமும் மாறும். இந்த வசதி மற்ற இரண்டிலும் இல்லை. ஆனால் ஒரு கமாவைத் திருத்தவும் அத்தனை படி ஏற வேண்டும். இன்னொன்று, கிட் களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்ஹப் தரும் விக்கியும் உள்ளே கிட்தான், அதனால் மறுபார்வை இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்குப் புல் ரிக்வெஸ்ட் கிடையாது.

ஆள் குறைவான திட்டம் என்றால் நான் முதல் வழியைத்தான் எடுப்பேன். வாசகர் கட்டளையை நகலெடுத்து ஓட்டும் நிறுவல், மேம்படுத்தல், பாதுகாப்புப் பக்கங்களை மட்டும் பூட்டி, திருத்தங்களை அந்தந்தப் பக்கத்தோடு வரும் பேச்சுப் பக்கத்தில் கேட்பேன். மற்றவை திறந்தே கிடக்கட்டும். பூஜ்யம் காட்டும் திருத்தங்களை மட்டும் தாண்டாமல் திறந்து பார்ப்பேன்.