ரெடினாவோடு மூன்று வருஷம்

ஆங்கில எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம் ஸ்கிராபிள். அதை ஆடுகிறவர்களிடம் ஒரு பைத்தியம் உண்டு. ஆறு எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏழாவதாக எது வந்து சேர்ந்தால் என்னென்ன சொல் அமையும் என்று மனப்பாடம் செய்வார்கள். எனக்கும் அது தொற்றி மூன்று வருஷம் ஆகிறது. இந்த முறை பயன்படுமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

நான் பிடித்த ஆறு எழுத்து ஏ, ஈ, ஐ, என், ஆர், டி. (டீக்கடையின் டி. டில்லியின் டி அல்ல.) சேர்த்தால் ரெடினா, அதாவது விழித்திரை. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. பெட்டியில் இருப்பது 100 காய்கள். அதில் ஈ 12, ஏ 9, ஐ 9, மற்ற மூன்றும் தலைக்கு 6. ஆக 48 காய்கள், ஏறக்குறைய பாதிப் பெட்டி. கையில் இருக்கும் ஏழு காயையும் ஒரே வீச்சில் வைத்துவிட்டால் 50 புள்ளி தனியாகக் கிடைக்கும். அடிக்கடி கைக்கு வரும் எழுத்துகளை வைத்துப் பழகினால் அந்த 50 அடிக்கடி கிடைக்கும், கணக்கு அவ்வளவுதான்.

படிக்கும் விதம் இப்படி. ஏழு எழுத்தையும் அகரவரிசையில் அடுக்கி அட்டையின் முன்பக்கம் எழுத வேண்டும், பின்பக்கம் விடைகள். ஜி சேர்த்தால் ஏ, ஈ, ஜி, ஐ, என், ஆர், டி. பின்பக்கம் கிரானைட், இன்கிரேட், டியரிங், டாங்கியர். தமிழில் எழுதிப் பார்த்தால் இவை ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் நம்பமாட்டார்கள். பி சேர்த்தால் பெயின்டர், ரீபெயின்ட், பெர்டெய்ன். இன்னொரு ஆர் வந்தால் டிரெய்னர், ரீட்ரெய்ன், டெரெய்ன். இன்னொரு ஐ வந்தால் இனர்ஷியா, அது மட்டும்தான். முதல் ஆறு மாதம் காலண்டர் அட்டையை வெட்டி எழுதினேன். அப்புறம் ஸிஸிவா என்ற இலவச மென்பொருளுக்கு மாறினேன். தெரிந்த சொல்லைப் பல நாள் கழித்தும், தெரியாததை மறுநாளே திரும்பவும் அது கேட்கும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம், அவ்வளவே.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. முன்பெல்லாம் காய்களைப் பத்து தடவை மாற்றி மாற்றி அடுக்கியும் ஒன்றும் தோன்றாது. இப்போது அகரவரிசையில் அடுக்கியதுமே சொல் கண்ணில் படுகிறது. யோசிப்பது போலவே இருப்பதில்லை, தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் பார்ப்பது மாதிரி. பக்க விளைவும் உண்டு. ஆங்கிலத்தில் பெயின்டர் தேவை என்று போர்டு பார்த்தால், கால் நடந்துகொண்டிருக்க மனசு பெர்டெய்னைத் தேடப் போய்விடுகிறது.

குறைகளைச் சொல்ல வேண்டும். சிறிய சொற்களை விட்டுவிட்டு நேராக ஏழெழுத்துக்குப் போனது என் முட்டாள்தனம். ஆட்டத்தில் செல்லுபடியாகும் சொற்களைத் தொகுத்த காலின்ஸ் பட்டியலில் இரண்டெழுத்துச் சொற்கள் மட்டும் 127 இருக்கின்றன. அவை தெரியாவிட்டால், கையில் அருமையான ஏழெழுத்துச் சொல் இருந்தும் பலகையில் வைக்க இடம் கிடைக்காது. முதல் வருஷம் முழுக்க இப்படிச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே தோற்றேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அந்த 127-ஐ முடித்துவிட்டு ரெடினா பக்கம் வாருங்கள்.

இன்னொன்று, எழுத்துக் கூட்டமாகப் படிப்பதால் இல்லாத சொல்லும் இருப்பதுபோலத் தோன்றும். ஒருநாள் வி வந்தது. வெரிட்டன் என்று ஒன்றை அடித்துச் சொல்லி வைத்தேன். எதிராளி சந்தேகம் கேட்டார், பட்டியலில் இல்லை. ஏழு காயையும் திரும்ப எடுத்துக்கொண்டு அந்தச் சுற்றில் ஆடும் வாய்ப்பையும் இழந்தேன்.

பெரிய குறை, அர்த்தம். இந்த முறையில் சொல்லின் எழுத்து மட்டும்தான் தலையில் ஏறும். ஆங்கிலம் வளரும் என்ற ஆசையில் யாராவது ஆரம்பித்தால் ஏமாந்துபோவார்கள். ஆட்டத்துக்கு அர்த்தம் தேவையே இல்லை என்பதும் உண்மை. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். அவர் கதை வேறு. நமக்கு ஆட்டம் முடிந்ததும் எதிரில் இருப்பவர் கேட்பாரே.

என்னோடு ஆடுவது எதிர்வீட்டு சார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெடினாவோடு ஜே வந்தது. நார்ச்சி என்று உச்சரிக்கும் சொல் ஒன்று உண்டு. ஜே மட்டும் 8 புள்ளி, மொத்தம் 14, அதோடு 50. பலகைச் சதுரங்கள் கொடுத்த கூடுதலை விட்டாலே 64.

“இதுக்கு என்னப்பா அர்த்தம்?” என்றார் சார்.

“தென்னாப்பிரிக்காவில ஏதோ ஆரஞ்சு மாதிரி பழம் சார்.”

“ஏதோவா?”

அந்த ஏதோ உறுத்தியது. வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல், அங்கே போனது தமிழிலிருந்து, மூலம் நாரத்தை என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டு ஜாடியில் வருஷம் முழுக்கக் கிடக்கிற, தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிற அதே நார்த்தங்காய். அந்த அட்டையை அதற்கு முன் எத்தனை தடவை திருப்பிப் பார்த்திருப்பேன்! ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு கிண்ணத்தில் ஊறுகாயோடு போய் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “அப்போ போன வாரம் நீ என்னை அடிச்சது நார்த்தங்காயாலயா?” என்றபடி காய்ப் பையைக் குலுக்கினார்.