மல்லாட்டை மானியப் பட்டியல்: ஒன்றுக்கு மூன்று ஸ்டார், இன்னொன்றுக்கு ஒன்று

திண்டிவனம் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம் எங்களுடையது. செல்போனுக்கும் பிரியாணிக்கடைக்கும் ரிவ்யூ எழுதுகிறோம், யாருக்கு எவ்வளவு அரசாங்கப் பணம் போகிறது என்று ஊர்க்காரர்களுக்குக் காட்டும் பட்டியலுக்கு ஏன் எழுதக் கூடாது?

முதலில் பிஎம் கிசான் இணையதளம். வருஷத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை, 2019-லிருந்து வருகிறது. இது எண்ணெய்வித்துக்கென்று தருகிற பணமில்லை, நிலம் வைத்திருப்பவருக்குத் தருவது. இருந்தாலும் போனிலேயே பார்க்க முடிகிற பட்டியல் என்றால் இதுதான். மாநிலம், மாவட்டம் என்று ஆரம்பித்து ஊர்வரைக்கும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால் பணம் வாங்குகிற அத்தனை பேர் பெயரும் வந்துவிடும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேர் ஒரே போனில் எட்டிப் பார்த்து, இவர் எப்படி உள்ளே வந்தார், அவரை ஏன் விட்டார்கள் என்று அரை மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சு வருவதற்குத்தானே பட்டியல்!

குறை என்னவென்றால் பெயரும் ஆணா பெண்ணா என்பதும்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் ஏழுமலை மட்டும் ஆறு பேர். இதில் எந்த ஏழுமலை? 2020-ல் இதே திட்டத்தில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டங்களில் தகுதியே இல்லாத லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்து, சுமார் 110 கோடி ரூபாய் போய், அப்புறம் திரும்ப வசூல் செய்ய அலைந்தார்கள். அப்பா பெயரோ சர்வே நம்பரோ பக்கத்தில் இருந்தால் நிலமே இல்லாதவரை ஊர்க்காரர்களே காட்டிக் கொடுத்துவிடுவார்கள். மூன்று ஸ்டார்.

இரண்டாவது, எங்கள் பக்கத்து வேளாண்மை விரிவாக்க மையம் ஒன்றின் சுவர் (பெயர் வேண்டாம்). மல்லாட்டைக்கு ஜிப்சம் மானியத்தில் வாங்கச் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் எல்லாம் கொடுத்துவிட்டு வந்தேன். ஜிப்சத்தை எப்போது வேண்டுமானாலும் போட முடியாது. நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் களை வெட்டி மண் அணைக்கும்போது போட வேண்டும், அந்தச் சமயத்தில் சுண்ணாம்புச் சத்து கிடைக்காவிட்டால் காய் பொக்காகிவிடும். கேட்கும்போதெல்லாம் பட்டியல் வரட்டும் என்றார்கள். நான் கடையில் முழு விலை கொடுத்து வாங்கிப் போட்டேன். செடி பிடுங்கி, காய் ஆய்ந்து, மூட்டையைக் கமிட்டிக்கு (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு) ஏற்றிப் போகும் வழியில் எட்டிப் பார்த்தால் சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது. பாதி எழுத்து வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. பெயர் இருக்கிறது, எத்தனை மூட்டை, எவ்வளவு மானியம் என்ற கட்டங்கள் காலி. என் பெயர் அதில் இல்லை, சரி, அதை விடுங்கள்.

விவரம் கேட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள் என்றார்கள். அந்த 2005-ம் வருஷச் சட்டத்தின் 4-வது பிரிவே, மானியத் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்றுதான் சொல்கிறது. பத்து ரூபாய் கட்டி நான் ஏன் கேட்க வேண்டும்? எண்ணெய்வித்து இயக்கம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஏழு வருஷத்துக்கு 10,103 கோடி ரூபாய் அறிவித்திருக்கிறது, அதில் தொகுப்பாகச் சேரும் விவசாயிகளுக்கு விதை இலவசம் என்கிறார்கள். அந்த விதை எந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனது என்பதையும் இதே மாதிரிச் சுவரில்தான் தேட வேண்டுமென்றால் பாவம் நாங்கள்.

ஒரு ஸ்டார். அதுவும் ஒட்டினார்களே என்பதற்காக. தாளைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அடியில் கையெழுத்தும் முத்திரையும் பளிச்சென்று இருக்கின்றன, 'நாள்' என்று போட்டிருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை.